இல்லை என்று சொன்ன பிறகு

எங்கள் அறையில் முன்பு மாவுக்கட்டுச் சாமான்களை வைத்திருந்தார்கள். எத்தனை முறை துடைத்தாலும் ஜன்னல் விளிம்பில் வெள்ளைப் பொடி கொஞ்சம் மிச்சமிருக்கும். எலும்பு மருத்துவப் பிரிவின் நடையில் கடைசி அறை, எக்ஸ்ரே அறைக்கு அடுத்தது. கதவில் 'ஆய்வுப் பிரிவு' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். ஆய்வு என்றால் தங்கள் மேல் ஊசி போட்டுப் பார்ப்பார்களோ என்ற பயம். அவர்களைக் காத்திருப்புக் கூடத்தில் போய்ப் பார்த்து, சமாதானம் சொல்லி, கைத்தாங்கலாக அழைத்து வருவது அக்காவின் வேலை.

அக்கா என்றால் எனக்கு மட்டுமல்ல. அவரைவிட மூத்தவரான பெரிய டாக்டருக்கும் அவர் அக்காதான், வாசல் காவலாளிக்கும் அக்காதான். காத்திருப்புக் கூடத்தில் 'கேள்விக்கார அக்கா' என்று சொன்னால் தெரியும். உயரமில்லை, நடை மட்டும் வேகம். அறைக்கு மேசை நாற்காலி வந்தபோது, கைப்பிடி இல்லாத நாற்காலிகளை எல்லாம் திருப்பி அனுப்பியவர் அவர்தான். முழங்கால் போனவர்கள் எதையாவது ஊன்றித்தானே எழ வேண்டும்? தனக்கென்று ஒரு குட்டை முக்காலியை வைத்துக்கொண்டார். பதில் சொல்கிறவர்கள் அவரைக் கொஞ்சம் குனிந்து பார்த்தபடி பேசுவார்கள்.

நான் அதே அறையில் மூலையில் உட்கார்ந்து, அவர் எழுதிக்கொண்டு வருவதைக் கணினியில் ஏற்றுகிறவன். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்புக்கு இந்த வேலை பொருத்தமாக அமைந்துவிட்டது.

வேலை இதுதான். முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட இருவரில் ஒருவர் ஆறு மாதத்தில் கடைத்தெருவுக்கு நடக்கிறார். இன்னொருவர் கட்டிலை விட்டு இறங்கவே யோசிக்கிறார். கத்தி ஒன்று, கை ஒன்று, முழங்கால் ஒன்று. ஆனால் முதலாமவருக்கு முழங்கால் மட்டுமே நோய். இரண்டாமவருக்குச் சர்க்கரை, இருதயம், மூச்சிரைப்பு என்று கூடவே ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் கனத்தை அளக்காமல் இரண்டு பேரையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பு. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியலைப் படிப்போம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் மூன்று கேள்விகள். இந்த நோய் உங்களுக்கு இருக்கிறதா? அதற்கு வைத்தியம் எடுக்கிறீர்களா? அதனால் உங்கள் அன்றாட வேலை தடைபடுகிறதா? ஒவ்வொரு 'ஆமாம்'-க்கும் ஒரு புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் அவர் சுமக்கும் சுமை.

முதல் இரண்டு கேள்விகளை யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மாத்திரை டப்பா பொய் சொல்லாது. மூன்றாவதுதான் அக்காவின் கேள்வி. அவர் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான் என்று சொல்லலாம்.

அவருடைய கணவர் லாரி மெக்கானிக். கடைசிச் சில வருடங்களில் அவருக்குச் சர்க்கரை, இருதயம், சிறுநீரகம், கண் என்று நாலு நோய், நாலு மாடி, நாலு ஃபைல். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு டாக்டர், எல்லோருமே நல்லவர்கள். அவரவர் ஃபைலில் 'பரவாயில்லை, அப்படியே இருக்கிறது' என்று எழுதுவார்கள். மனிதர் மட்டும் அப்படியே இருக்கவில்லை. "தொந்தரவு ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லைங்க" என்பார். படியிறங்கி வரும்போது, பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியபடி, பட்டறைக்குப் போவதையே விட்டுவிட்டதாக அக்காவிடம் சொல்வார். போகாத இடத்துக்கு எப்படித் தடை வரும்? அதனால் அவர் டாக்டரிடம் சொன்னதும் பொய்யில்லை. இதை அக்கா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மோர் ஊற்றிக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல் என்னிடம் சொன்னார்.

கணவர் போன பிறகு அக்காவுக்குக் கொஞ்சகாலம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று சில்லு மாற்றி மாற்றிக் கேட்கும் வேலை. 'இதுதானே நல்லா இருக்கு?' என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. கேட்டால் ஜனங்கள் மரியாதைக்கு ஆமாம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலைவலியோடு திரும்பி வருவார்கள். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் அவரை இங்கே கூப்பிட்டுக்கொண்டார். எழுதியிருக்கும் கேள்வியில் ஒரு சொல்லையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது எங்கள் விதி. அக்கா இரண்டு வருடமாக ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை.

ஆய்வு பெரிதானதும் இன்னொரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். கல்யாணமாகி, கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். அதனால் எதிலும் அவசரம். கேள்விகளைக் கடகடவென்று படித்து முடிப்பாள். எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தது நான்தான். அதற்கு அவள், அக்கா பாசஞ்சர் வண்டி என்றும், எல்லா ஸ்டேஷனிலும் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் கிளம்புவார் என்றும் சொல்லிச் சிரித்தாள். அக்காவும் சிரித்தார்.

இருவர் கேட்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வழக்கம். அதே நோயாளிகளை ஒருநாள் அக்கா கேட்க, சில நாள் கழித்து எக்ஸ்பிரஸ் கேட்டாள். கணக்குப் பார்க்கும் புள்ளியியல்காரரை நாங்கள் புள்ளி சார் என்போம். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அன்று அவர் கணக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஏலக்காயை வாயில் போடாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு கேள்விகளும் அச்சு அசலாக ஒத்துப்போயின. மூன்றாவது ஒத்துப்போகவே இல்லை. எக்ஸ்பிரஸ் 'இல்லை' என்று எழுதிய பல இடங்களில் அக்கா 'ஆமாம்' என்று எழுதியிருந்தார். அதற்கு நேர்மாறாக ஒன்றுகூட இல்லை.

இது சரியாகாவிட்டால் இரண்டு வருடமாக அக்கா கேட்டு வாங்கிய மூன்றாவது பதில்களை ஆய்வில் சேர்க்க முடியாது. ஆபரேஷன் முடிந்தவர்களிடம் போய், ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி இருந்தீர்கள் என்று மறுபடி கேட்கவும் முடியாது. புள்ளி சார் இதைச் சொன்னபோது அக்கா முக்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் விளிம்பைத் துடைத்தார்.

எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து எழுப்பிவிடும்போது அவர் ஒரே மாதிரிச் சொல்வார்: "நீங்க சொன்னது வீண் போகாது. எல்லாம் கணக்குல வரும்." அப்படிச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரை அனுப்பியிருப்பார்.

பெரிய டாக்டருக்கு எக்ஸ்பிரஸ் மேல்தான் சந்தேகம். வேகமாகக் கேட்டால் வேகமாகத்தான் பதில் வரும் என்று சொல்லிப் பார்த்தார். அவள் முகம் சிவந்துவிட்டது. எழுதியிருந்ததை எழுதியபடி படித்ததாகவும், ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை என்றும் சொன்னாள். அக்காவும் அதையே சொன்னார். இரண்டும் உண்மை. கடைசியில் புள்ளி சார்தான், நோயாளிகளின் சம்மதத்தோடு இரண்டு பேர் கேட்பதையும் ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

பதிவுகளைக் கேட்க நாங்கள் ஐந்து பேரும் அந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். இருதயத்தைப் பற்றி மூன்றாவது கேள்வி. எக்ஸ்பிரஸ் கேட்டதும் "இல்லை" என்கிறார். உடனே அடுத்த நோய்க்குப் போய்விடுகிறாள். அக்காவின் பதிவில் அதே கேள்வி, அதே சொற்கள், அதே "இல்லை". பிறகு மின்விசிறிச் சத்தம். அது நீண்டுகொண்டே போகிறது. அப்புறம் தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடியில் இருக்கும் தன் அறைக்குப் போயே மாதக்கணக்காகிவிட்டது, கீழே நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிவிடுகிறேன் என்கிறார்.

பெரிய டாக்டர் எக்ஸ்பிரஸைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். அக்காவின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. காரியம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றே நான் நினைத்தேன்.

புள்ளி சார் அடுத்ததைப் போட்டார். அக்கா கேட்ட தையல்காரம்மா ஒருவர். வயிற்றுப்புண், எப்போதாவது மாத்திரை. தடை உண்டா என்றதற்கு "இல்லைங்க" என்கிறார். மின்விசிறி. "அப்படி ஒண்ணும் இல்லைங்க." மறுபடி மின்விசிறி. யாரோ எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு தையல்காரம்மா, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட குழந்தை மாதிரி, "ஆமான்னே வெச்சுக்கங்களேன்" என்கிறார்.

எக்ஸ்பிரஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டாக்டரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டோம். அடுத்து ஒரு சமையல்காரர், அவருக்குச் சர்க்கரை. "இல்லை" என்கிறார். சத்தமில்லை. "சரி, ஆமாம்." அதற்கடுத்து இன்னும் இரண்டு பேர், கிட்டத்தட்ட அதே மாதிரி. அவர்களில் ஒருவர் தன் 'இல்லை'-யை 'ஆமாம்' என்று மாற்ற அவ்வளவு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா தன் கையிலிருந்த பேனா மூடியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பதிலைக் கேக்கலை. கறந்திருக்கேன்," என்றார்.

அவரே மேலே சொன்னார். கண்ணாடிக் கடையில், வாயால் ஜாடை காட்டக்கூடாது என்று மட்டும்தான் கற்றுக்கொண்டாராம். வாயை மூடிக்கொண்டு முகத்தைப் பார்த்தாலும் அது ஜாடைதான் என்பது இப்போதுதான் காதில் விழுகிறது என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் முதல்ல இல்லைம்பார். பொறுத்திருந்தா சொல்வார். எல்லாரும் அவர் மாதிரின்னு நெனச்சுட்டேன்."

பெரிய டாக்டர் அவருக்காகவே பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். தபால்காரர் விஷயத்தில் அக்கா பிடித்தது உண்மையான தடைதானே? சில இடங்களில் ஒன்று கூடிப்போனால் என்ன, நோயாளிக்கு நல்லதுதானே, யாரும் அவர் நோயைக் குறைத்துச் சொல்லவில்லையே என்றார். புள்ளி சார் அப்போதுதான் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டார். நல்லதில்லை என்று மெதுவாக விளக்கினார். இல்லாத சுமையை இருப்பதாக எழுதினால், ஆபரேஷன் பலிக்காமல் போன இடத்தில் பழி அந்த மற்ற நோய்களின் மேல் விழும். நாளைக்கு வயிற்றுப்புண்ணும் சர்க்கரையும் உள்ள ஒருவர் வந்தால், 'உங்களுக்கு வேற வியாதி நிறைய, முழங்காலை மாத்தியும் புண்ணியமில்லை' என்று எங்காவது ஒரு டாக்டர் இந்த ஆய்வைக் காட்டியே திருப்பி அனுப்பலாம். சரி, கூடிப்போனதைக் கணக்கில் கழித்துவிட முடியாதா என்று பெரிய டாக்டர் கேட்டார். எதைக் கழிப்பது என்றார் புள்ளி சார். தபால்காரர் எது, தையல்காரம்மா எது என்று காகிதத்தில் தெரியாது. இரண்டும் 'ஆமாம்'தான்.

மூன்றாவது கேள்வி போனால் ஆய்வில் மிச்சமிருப்பது நோய்களின் பட்டியல் மட்டும்தான். அது ஃபைலிலேயே இருக்கிறது. இரண்டு வருட உழைப்பு. பெரிய டாக்டர் கொஞ்சநேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, விதியைப் பார்த்தால் அக்கா எதையும் மீறவில்லை என்றார். கேள்வியை எழுதியபடி படிக்க வேண்டும் என்றிருக்கிறதே தவிர, பதிலுக்குப் பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்று எங்கேயும் இல்லை. ஆய்வு முடிவை அனுப்பும்போது, கேள்வி கேட்டவர் 'விதிப்படி கேட்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அக்கா போட்டால் அது பொய்யாகாது. மூன்றாவது கேள்வி தப்பித்துவிடும். யோசித்து, வாரம் முடிவதற்குள் சொல்லும்படி கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அந்த வாரம் அக்கா வழக்கம்போல வந்தார், போனார். காத்திருப்புக் கூடத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்கள் கிளம்பும்போது கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். ஆனால் 'எல்லாம் கணக்குல வரும்' என்பதை மட்டும் சொல்லவில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல், கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன, டாக்டரே சொல்கிறாரே என்று இழுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீ ஏற்றியதில் ஒரு எண் தப்பாக இருந்தும், கணினி அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள், உனக்குத் தூக்கம் வருமா என்று கேட்டார். வராது என்று அவருக்கே தெரியும்.

எக்ஸ்பிரஸ் வேறுவிதமாக நடந்துகொண்டாள். ஒருநாள் மதியம், தபால்காரரைத் தான் கோட்டைவிட்டதை நினைத்தால் மனசு ஆறவில்லை என்றாள். குழந்தைக்குப் பால் கொடுக்க நேரமாகிறதே என்ற நினைப்பிலேயே கேட்டிருப்பேன் என்றாள். அக்கா தன் டப்பாவிலிருந்த பழத்துண்டுகளில் பாதியை அவள் மூடியில் எடுத்து வைத்தார். "நீ ஓடினே, நான் உக்காந்துட்டேன்டி. ரெண்டு பேருமே ஆளைப் பாக்கலை," என்றார்.

வாரக் கடைசியில் கையெழுத்துப் போட்டார். முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் என்று தன் கையால் எழுதி, அதன்கீழே. பெரிய டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. சாயங்காலம் மூன்றாவது கேள்வியின் வரிசையை வெறுமையாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எண்கள் திரையிலிருந்து மேலிருந்து கீழாகக் காணாமல் போவதை அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தபால்காரரை மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சும்மா கேட்டேன். நீ அழி," என்றார்.

அதன்பிறகு புது விதி வந்தது. பதில் வந்ததும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஓடவும் கூடாது, காத்திருக்கவும் கூடாது. இரண்டு பெண்களும் என்னையே நோயாளியாக உட்காரவைத்துப் பழகினார்கள். எனக்கு இல்லாத வியாதி இல்லை என்றாகிவிட்டது. எக்ஸ்பிரஸுக்குப் பழக்கம் சீக்கிரம் வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. 'இல்லை' என்றதும் அவர் கண் தானாக மேலே போகும். அதைக் கீழே இழுத்துப் பேனாவில் வைப்பதற்கு ரொம்பவே பாடுபட்டார். முக்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.

மாதம் ஒன்றாகியிருக்கும். ஒரு பெரியவர், மனைவியோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவராம். முழங்கால் வளைந்துபோயும் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சுத் தொந்தரவு இருக்கிறதா? இருக்கிறது. வைத்தியம்? உண்டு. அதனால் அன்றாட வேலை தடைபடுகிறதா?

"இல்லை," என்றார் வாத்தியார்.

அக்காவின் கண் மேலே கிளம்பியது. பாதி வழியில் நின்றது. 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த நோய்க்குப் போனார். பக்கத்திலிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவர் சொல்றதையா எழுதுறீங்க? என்னைக் கேளுங்கம்மா."

அக்கா அந்த அம்மாவிடம் தணிவாக, இது அவரே சொல்ல வேண்டிய பதில், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டியல் முடிந்தது. அக்கா கையெழுத்து வாங்கி, காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, முக்காலியை அவர்கள் பக்கம் நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்கம்மா."

அந்த அம்மா காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். வாத்தியார் நின்றபடி குளித்தே வருஷமாகிறதாம். குளியலறையில் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாராம். அது தனக்குத் தெரியாது என்று அவருக்கு நினைப்பாம். துணி காயப்போடக் கொடிவரை போவதில்லை. சட்டையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்கிறாராம்.

"அது வசதிக்காகப் போட்டது," என்றார் வாத்தியார், சுவரைப் பார்த்து.

அக்கா அவர் முகத்தையே பார்த்திருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாத்தியார் கொஞ்சநேரம் கழித்து அக்காவிடம், இதையெல்லாமும் எழுதிக்கொள்வீர்களா என்று கேட்டார்.

"இல்லைங்க சார். எழுதுற வேலை முடிஞ்சுபோச்சு."

"கணக்குல வராதா?"

"வராது."

வாத்தியார் என் மேசையைப் பார்த்தார். நான் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அவர் நாற்காலியின் கைப்பிடிகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேராக இருந்த முதுகு மெல்லச் சாய்ந்தது.

"அப்ப சரி," என்றார். "நான் சொல்றேன். இவ சொல்றது பாதிதான்."